அடிக்கல்லைப் பார்த்து மனை வாங்காதீங்க: பஞ்சப்பூர் சொல்லித் தரும் கணக்கு

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. நவல்பட்டு ஐ.டி. பார்க்குல வேலை. பிடித்தமெல்லாம் போக கைக்கு 58,000 ரூபாய் வருது. ஒரு பெரிய லேஅவுட் மேப்பை என் மேஜை மேல விரிச்சார். அதுல மூணு கலர்ல கோடு.

"சார், இது பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட். இந்த நீலக் கோடு மெட்ரோ. இந்தச் சிவப்புக் கோடு ரிங் ரோடு. மூணும் சேர்ற இடத்துல 25 லட்சத்துக்கு ஒரு மனை. 50,000 டோக்கன் கொடுத்துட்டேன். லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, இந்த மூணு கோட்டுல எது ஏற்கெனவே இருக்கு, எது கட்டிட்டு இருக்காங்க, எது இன்னும் பேச்சுல இருக்கு?"

அவர் மேப்பைப் பார்த்தார். மூணு கோடும் ஒரே தடிமன்ல இருந்தது.

இந்தப் பதிவு அந்தத் தடிமனைப் பத்தினதுதான். அரசாங்கம் பெரிய போக்குவரத்துத் திட்டங்களை எப்படி ஆரம்பிக்குது, அதுல இருக்கிற அரசியல் என்ன, அதுக்கும் உங்க இ.எம்.ஐ.க்கும் என்ன சம்பந்தம்னு பார்க்கப் போறோம். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். நான் பெரிய திட்டங்களுக்கு எதிரி இல்லை. காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓடுற தீவுல குடியிருக்கிறவன் நான். பாலத்தோட அருமை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொல்ல வர்றது வேற: அடிக்கல் நாட்டுறது அரசியல்வாதிக்கு ஒரு உத்தி. அதை நாம நம்ம முதலீட்டுக்கு ஆதாரமா எடுத்துக்கக் கூடாது.

நம்ம ஊர் ரெக்கார்டு என்ன சொல்லுது?

கடந்த பதினஞ்சு வருஷத்துல திருச்சி பார்த்த திட்டங்களை வரிசையா எடுத்துக்கலாம்.

முதல்ல பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம். 2021 டிசம்பர் கடைசியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 2025 மே 9 அன்று திறந்து வைத்தார். பஸ்கள் ஓட ஆரம்பித்தது ஜூலை 16 அன்று. 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மூன்றரை வருஷத்தில் இவ்வளவு பெரிய முனையம் என்பது நல்ல வேகம்தான். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது விமான நிலையப் புது முனையம். 2019 பிப்ரவரியில் அடிக்கல். அப்போது மதிப்பீடு சுமார் 951 கோடி. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தபோது செலவு 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. பயணிகள் அதற்குள் போனது ஜூன் 11 அன்று. அதாவது ரிப்பன் வெட்டினதுக்கும் நீங்களும் நானும் உள்ளே போனதுக்கும் நடுவில் ஐந்து மாசம். இன்னொரு விஷயம்: முனையம் பெரிதாகிவிட்டது, ஓடுபாதை பெரிதாகவில்லை. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு முனையத்தைவிடப் பழையது. அது நிலம் எடுப்பதில் பல வருஷம் இழுத்தது.

மூன்றாவது ஜங்ஷன் மேம்பாலம். இதை திருச்சிக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். 2014 வாக்கில் வேலை ஆரம்பித்தது. ஒரு கை மட்டும் அந்தரத்தில் நின்றது. காரணம் ஒரு ஏக்கருக்கும் குறைவான ராணுவ நிலம். மாநில அரசு, மத்திய பாதுகாப்புத் துறை என்று கடிதம் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கை முடிந்து வண்டி ஓடினது 2023-ல்தான்.

நான்காவது துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூர் வரையிலான அரைவட்டச் சாலை, சுமார் 26 கிலோமீட்டர். 2010 வாக்கில் ஆரம்பித்தார்கள். பாதை பல ஏரிகளின் ஊடே போனது. விவசாயிகள் எதிர்த்தார்கள், வழக்கு வந்தது, வேலை பாதியில் நின்றது. பல வருஷம் கழித்துத்தான் துண்டு துண்டாக மறுபடி நகர்ந்தது.

இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எது வேகமா முடிஞ்சது, எது இழுத்தது? பஞ்சப்பூர் ஏன் மூன்றரை வருஷத்துல முடிஞ்சது? ஒரே கட்சி ஆட்சி, உள்ளூர் அமைச்சரோட கவனம் எல்லாம் உதவியிருக்கும். ஆனா அடிப்படைக் காரணம் ஒண்ணு: அங்கே நிலம் ஏற்கெனவே மாநகராட்சியோடது. யார்கிட்டயும் போய் நிற்க வேண்டியதில்லை. மத்த மூணுலயும் மாட்டினது சிமெண்டோ இன்ஜினீயரோ இல்லை, நிலம். ஒரு இடத்துல ராணுவ நிலம், ஒரு இடத்துல தனியார் நிலம், ஒரு இடத்துல ஏரி.

ஆக முதல் பாடம்: கட்டடம் பணத்தால் நகரும். பாதை நிலத்தால் நகரும். மெட்ரோ, ரிங் ரோடு, ஓடுபாதை எல்லாம் பாதை வகை. லேஅவுட் மேப்புல அதிகம் வரையறதும் அந்த வகையைத்தான்.

அடிக்கல்லுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இதை ஒரு ஆடிட்டர் கண்ணோட பாருங்க. ஒரு பெரிய திட்டம் முடிய பத்து, பதினஞ்சு வருஷம் ஆகும். ஆட்சிக்காலம் அஞ்சு வருஷம். அறிவிச்சவருக்குப் பெயர் இன்னைக்கே கிடைக்குது. பில் வர்றது அடுத்தவர் காலத்துல. இப்படி வரவை முன்னாடியும் செலவைப் பின்னாடியும் எழுதற ஒரு கம்பெனி கணக்கு என் மேஜைக்கு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா அரசியல்ல இது தப்பு இல்லை, அங்கே இருக்கிற ஊக்கமே அப்படித்தான் அமைஞ்சிருக்கு. எந்தக் கட்சி வந்தாலும் இதேதான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. அடிக்கல் நட்டுட்டா பின்வாங்கறது கஷ்டம். நூறு கோடி செலவழிச்சிட்டோம், இனி எப்படி நிறுத்தறதுன்னு அடுத்த ஆட்சியையும் கட்டிப் போடற ஒரு கயிறு அது. உங்களுக்கும் இது பழக்கம்தான். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டிட்டோமேன்னு போறோம் இல்லையா, அதே மனசு. இதை நல்ல விதமாகவும் பயன்படுத்தலாம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். நடுவில் அந்த நாலு வருஷம் வேலை நிற்கவில்லை. மாநில அரசு சொந்தப் பணமும் கடனுமாகப் போட்டு ஓட்டியது. வேலை ஆரம்பித்திருந்ததால்தான் கோரிக்கைக்கு வலு கிடைத்தது என்று வாதிடலாம். அதே சமயம் அந்த நாலு வருஷமும் மாநில பட்ஜெட்டில் அது பெரிய சுமையாக உட்கார்ந்திருந்தது என்பதும் உண்மை.

ஆனா இந்தக் கயிறு அறுந்து போன கதையும் இருக்கு. சேதுசமுத்திரத் திட்டத்தை நினைச்சுப் பாருங்க. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி. நூறு வருஷத்துக்கும் மேலான கனவு என்று மேடையில் எல்லாரும் பேசினார்கள். 2007-ல் ராமர் பாலம் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பல நூறு கோடி ரூபாய் கடலில் மண் தோண்டுவதில் கரைந்தது. ஒரு கப்பலும் போகவில்லை. பிரதமரே தொடங்கி வைத்த திட்டத்துக்கு இந்த நிலைமை.

மூன்றாவது காரணம் மதிப்பீடு. திட்டத்துக்கு அனுமதி வாங்கணும்னா செலவு கம்மியாகவும் பயன் ஜாஸ்தியாகவும் தெரியணும். நேர்மையா அதிகச் செலவைச் சொன்ன அறிக்கை அலமாரியில் தூங்கும். குறைச்சுச் சொன்னது மேலே போகும். இது இந்தியாவோட பிரச்சினை மட்டும் இல்லை. பென்ட் ஃபிளிவ்பியர் என்கிற டென்மார்க் ஆய்வாளர் உலகம் முழுக்க 16,000-க்கும் அதிகமான பெரிய திட்டங்களோட விவரத்தைச் சேர்த்தார். சொன்ன செலவில், சொன்ன நேரத்தில் முடிந்தவை 8.5 சதவீதம். செலவு, நேரம், சொன்ன பயன் மூன்றையும் தொட்டவை 0.5 சதவீதம். இருநூறு திட்டத்துல ஒண்ணு! ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டா "2028-ல மெட்ரோ வந்துடும் சார்" என்று புரோக்கர் சொல்லும்போது உங்க காதுல வேற மாதிரி விழும்.

ரிஸ்க் யார் தலையில்?

நம்ம ஊருக்கு முதல் ரயில் வந்த கதையை எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் பாதை போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற லண்டன் கம்பெனி. பிறகு அதுவும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. பொன்மலைப் பணிமனை, ரயில்வே காலனி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பங்குதாரருக்கு வருஷம் 5 சதவீதம் வருமானத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம். ரயில் அந்த அளவுக்குச் சம்பாதிக்கலைன்னா மிச்சத்தை இந்திய வரிப்பணத்திலிருந்து கொடுப்பாங்க. ரயிலைப் பார்க்காத லண்டன்காரருக்கு வட்டி தவறாது. ரயில்ல ஏறாத டெல்டா விவசாயி வரி கட்டுவார். கம்பெனிக்கோ செலவைக் குறைக்கணும்னு எந்த அவசியமும் இல்லை.

பாதை நமக்குப் பயன்பட்டது. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது "வருமா, வராதா" என்பது பாதிக் கேள்விதான். "தாமதமானா, செலவு கூடினா, யார் தலையில விழும்?" என்பது மீதிப் பாதி.

இதுக்கு நேரெதிர் உதாரணம் கொங்கண் ரயில்வே. 1990-ல் தனிக் கழகமாக ஆரம்பித்தார்கள். மத்திய அரசும் மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் பங்குதாரர்கள். ஈ. ஸ்ரீதரன் தலைமை. வருஷா வருஷம் ரயில்வே பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காமல் சந்தையில் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து சுமார் 740 கிலோமீட்டர் பாதை, 1998 ஜனவரியில் முழுதாகத் திறந்தது. இந்திய அளவுகோலில் அது பெரிய சாதனை. ஆனாலும் அந்தக் கடன் கழகத்தைப் பல வருஷம் அழுத்தியது. அரசாங்கம் தோள் கொடுக்க வேண்டி வந்தது. நன்றாக நடந்த திட்டத்திலேயே பில் இல்லாமல் போகாது. அங்கே யார் கட்டுவது என்பது முதலிலேயே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்ப அந்தத் தம்பியோட மேப்புக்கு வாங்க. மெட்ரோ பத்து வருஷம் தாமதமானா அரசாங்கத்துக்கு என்ன ஆகும்? இன்னொரு அறிக்கை வரும். லேஅவுட் போட்டவருக்கு? அவர் வித்துட்டுப் போயிட்டார். வங்கிக்கு? மாசா மாசம் இ.எம்.ஐ. வருது. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஆள். 5 சதவீத உத்தரவாதம் இல்லாத பங்குதாரர். அது நீங்க.

திருச்சி மெட்ரோ வருமா?

எனக்கு வீடியோவுல அதிகம் வர்ற கேள்வி இது. சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர் என இரண்டு வழித்தடங்கள், மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர் என்று ஆய்வு நிலையில் பேசப்பட்டது. இது சாத்தியக்கூறு அறிக்கை நிலை. அதற்கு மேலே விரிவான திட்ட அறிக்கை, மாநில ஒப்புதல், மத்திய ஒப்புதல், வெளிநாட்டுக் கடன், நில எடுப்பு, டெண்டர் என ஒரு ஏணியே இருக்கு.

அந்த ஏணியில் நம்மைவிட மேலே இருந்தவை கோயம்புத்தூரும் மதுரையும். இரண்டுக்கும் விரிவான திட்ட அறிக்கை போய்ச் சேர்ந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு அவற்றைத் திருப்பி அனுப்பியது. முக்கியமாகச் சொன்ன காரணம், 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் இரண்டு ஊரும் அதைத் தொடவில்லை என்பது. ஆக்ரா, போபாலுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. நியாயமான கேள்விதான். அந்த ஊர்களும் 2011-ல் 20 லட்சத்தைத் தொட்டவை இல்லை.

ஆனா நீங்க ஒரு வாக்காளரா கோபப்படறது வேற, ஒரு முதலீட்டாளரா கணக்குப் போடறது வேற. அதே 2011 கணக்கெடுப்பில் திருச்சி நகரத் தொகுப்பு சுமார் 10 லட்சம். கோவைக்கே இந்தப் பதில்னா, 10 லட்சம் காட்டற ஊருக்கு இன்னும் எத்தனை படி? புதுக் கணக்கெடுப்பு வரலாம், கொள்கை மாறலாம், அரசியல் கூட்டணி மாறலாம். இது எதுவுமே உங்க கையிலயும் இல்லை, என் கையிலயும் இல்லை. அதை நம்பி 15 வருஷக் கடன் எடுக்கறது எனக்குச் சரியாப் படலை.

இப்ப பேனாவை எடுங்க

தம்பிக்குப் போட்டுக் காட்டின கணக்கு இதுதான். மனை 25 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கே பத்திரம் போட்டா 2.25 லட்சம். கைக்காசு 7 லட்சம், கடன் 18 லட்சம், வட்டி 9 சதவீதம், 15 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 18,260 ரூபாய். அவர் கைச் சம்பளத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

அஞ்சு வருஷம் கழிச்சு விற்கறார்னு வெச்சுக்கலாம். அதுவரை கட்டின இ.எம்.ஐ. சுமார் 10.95 லட்சம். அதுல வட்டி மட்டும் 7.37 லட்சம். அசல் குறைஞ்சது 3.6 லட்சம்தான். அவர் போட்ட கைக்காசும் பதிவுச் செலவும் சேர்ந்து 9.25 லட்சம். அதை 7 சதவீத டெபாசிட்ல போட்டிருந்தா அஞ்சு வருஷத்துல 3.7 லட்சம் வட்டி வந்திருக்கும். அதுவும் இழப்புதான்.

கூட்டினா 25 + 2.25 + 7.37 + 3.72 = 38.34 லட்சம். இந்த விலைக்கு வித்தா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனா மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் இருக்கே. இப்போ வாங்கற மனைக்குப் பணவீக்கச் சரிக்கட்டலும் கிடையாது. அதையும் சேர்த்தா விற்பனை விலை 40 லட்சத்தைத் தொடணும். அதாவது வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் விலை ஏறினாத்தான் அவர் வெறுங்கையோட வெளியே வர முடியும். லாபம் அதுக்கு மேலதான் ஆரம்பிக்குது.

இன்னொண்ணு. வெறும் மனைக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. வீடு கட்டி முடிச்ச பிறகுதான் அந்தப் பேச்சே. புதிய வரி முறையில இருக்கறவங்களுக்கு, தான் குடியிருக்கற வீட்டுக்கு அதுவும் இல்லை. "டேக்ஸ் சேவ் ஆகும் சார்" என்று சைட்ல சொல்றதை அப்படியே நம்பாதீங்க.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நானும் இதுல மாட்டினவன். 2014-ல், சி.ஏ. முடிச்ச புதுசுல, அரைவட்டச் சாலை வரப் போகுதுன்னு ஒரு மனை வாங்கினேன். செலவெல்லாம் சேர்த்து 9 லட்சம். சாலை நின்னது. மனையில புல் வளர்ந்தது. வருஷா வருஷம் ஆள் வெச்சுச் சுத்தம் பண்ணி, கல் நகர்ந்திருக்கான்னு பார்த்துட்டு வருவேன். இப்ப 17 லட்சத்துக்குக் கேட்கறாங்க. கேட்கறதுக்கு இரண்டு மடங்கு மாதிரி இருக்கும். வருஷக் கணக்குல பார்த்தா ஐந்து, ஐந்தரை சதவீதம். பேங்க் டெபாசிட்டே அதைவிட நல்லாக் கொடுத்திருக்கும். சாலை வரும்னு நான் நினைச்சது தப்பு இல்லை. எப்ப வரும்னு கேட்காதது தப்பு.

ஐந்து கேள்விகள்

எந்தத் திட்டத்தைக் காட்டி யார் எதை வித்தாலும், மனையோ, இன்ஃப்ரா ஃபண்டோ, கட்டுமானக் கம்பெனிப் பங்கோ, இந்த அஞ்சைக் கேளுங்க.

1. நிலம் யாரிடம்? அரசிடமே இருந்தா நல்லது. எடுக்க வேண்டியதா இருந்தா, நில எடுப்பு அறிவிக்கை வந்தாச்சா, இழப்பீடு கொடுத்தாச்சா? முக்கியமா, நீங்க வாங்கற சர்வே நம்பரே அந்த அறிவிக்கையில இருக்கான்னு பாருங்க. சாலை பக்கத்துல வர்றது வேற, உங்க மனை மேலேயே வர்றது வேற.

2. பணம் எங்கிருந்து? சட்டமன்ற அறிவிப்பு ஒரு நிலை. பட்ஜெட் ஒதுக்கீடு அடுத்த நிலை. கையெழுத்தான கடன் ஒப்பந்தம் அதுக்கும் அடுத்தது. மூணுக்கும் ஒரே விலை கொடுக்காதீங்க.

3. எத்தனை கையெழுத்து பாக்கி? மாநிலம், மத்திய அரசு, ரயில்வே, ராணுவம், சுற்றுச்சூழல், நீதிமன்றம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வருஷம்னு மனசுல போட்டுக்கோங்க. ஜங்ஷன் மேம்பாலம் ஒரே ஒரு கையெழுத்துக்காக எத்தனை வருஷம் நின்னதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

4. துண்டாத் திறந்தாலும் பயன்படுமா? மெட்ரோ பத்து கிலோமீட்டர் திறந்தாலே ஓட்டலாம். பாதிப் பாலத்துல யாரும் போக முடியாது. துண்டு துண்டாப் பயன் தர்ற திட்டம் நின்னு போற வாய்ப்பு குறைவு.

5. கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு? சென்னை கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. ராத்திரி நேரத்துல பையும் குழந்தையுமா மக்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். முனையம் வேகமா வந்துடும். அதை ஊரோட இணைக்கற வேலைதான் பின்தங்கும்.

பங்கு வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் புக் பெருசா இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க. வரவேண்டிய பாக்கி எவ்வளவு, செயல்பாட்டுப் பணவரவு லாபத்தோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. வேலை நின்னா கம்பெனிக்குக் கூலி, இயந்திர வாடகை, வட்டி எதுவும் நிற்காது.

அப்போ அரசாங்கம் என்ன செய்யணும்?

இது என் கருத்து, நீங்க மறுக்கலாம். திருச்சிக்கு இன்னைக்கு இன்னொரு பெரிய அறிவிப்பு தேவையில்லை. அறிவிச்சதோட மிச்சம்தான் தேவை.

2022 கடைசியில் காவிரிப் பாலத்தை ரிப்பேருக்காக மூடினார்கள். 1976-ல் கட்டின பாலம். தாங்கு பட்டைகள் தேய்ந்திருந்தன. வேலைக்கு ஆன செலவு ஏழு கோடிக்கும் குறைவு. ஆனா அந்தச் சில மாசத்துல ஸ்ரீரங்கத்துக்காரங்க எல்லாரும் எவ்வளவு சுத்தினோம்! ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், கோயிலுக்கு வர்றவங்க, ஆபீஸ் போறவங்க. 2023 மார்ச்சில் திறந்தபோது பெரிய மேடை எதுவும் நினைவில்லை. பராமரிப்புக்கு அடிக்கல் கிடையாது இல்லையா? அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலத்துக்கு சுமார் 106 கோடியில் வேலை ஆரம்பித்தார்கள். ஒரு ஊரோட தினசரி வாழ்க்கையை இது தொடற அளவுக்கு நீலக் கோடு எதுவும் தொடாது.

என் வாதம் எளிமையானது. நிலம் கையில் வந்த பிறகு அடிக்கல் நடுங்க. முதல்ல ரோட்டையும் பாலத்தையும் முடிங்க. பஞ்சப்பூருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்தும் சத்திரத்திலிருந்தும் காலையில நாலு மணிக்கும் ராத்திரி பதினோரு மணிக்கும் நிச்சயமா பஸ் இருக்குன்னு ஆக்குங்க. மெட்ரோவுக்கான இடத்தை இப்பவே ஒதுக்கி வைங்க, கட்டறது பிறகு கட்டலாம். திட்டமிட மெதுவா, கட்ட வேகமா. நம்ம ஊர்ல நடக்கறது பெரும்பாலும் தலைகீழ்.

"அப்படிக் காத்திருந்தா எதுவுமே ஆரம்பிக்காது" என்பாங்க. அதுலயும் உண்மை இருக்கு. சென்னை மெட்ரோ முதல் கட்டத்தை யாரும் துணிஞ்சு ஆரம்பிக்கலைன்னா இன்னைக்கும் அண்ணா சாலையில பஸ்ஸுக்குத்தான் நின்னுட்டு இருப்போம். துணிச்சல் வேணும். ஆனா அந்தத் துணிச்சலோட செலவை அரசாங்கம் தாங்கலாம், அதுக்கு நூறு வருஷ ஆயுள் இருக்கு. 58,000 சம்பளம் தாங்காது.

அந்தத் தம்பி போன வாரம் போன் பண்ணார். மனை வேண்டாம்னு சொல்லிட்டாராம். 50,000 டோக்கன்ல அடம்பிடிச்சு 30,000 திரும்ப வாங்கிட்டார். 20,000 போச்சு.

"உங்க ஃபீஸைவிட ஜாஸ்தி சார்" என்று சிரிச்சார்.

பஞ்சப்பூர்ல விலை ஏறவே ஏறாதுன்னு நான் சொல்லலை. நல்லாவே ஏறலாம். பஸ் ஸ்டாண்ட் நிஜமாவே அங்க இருக்கு. அப்படி ஏறினா அவர் எனக்குப் போன் பண்ணித் திட்டலாம், நான் வாங்கிக்கறேன். ஆனா அந்த அஞ்சு வருஷமும் மாசா மாசம் ஒண்ணாம் தேதி 18,260 ரூபாய் எடுத்து வெச்சுட்டு, டெல்லியிலிருந்து எந்தக் கடிதம் எப்ப வரும்னு பேப்பர் பார்த்துட்டு இருக்க வேண்டியது அவருக்கு இல்லை.

நீங்க வாங்கறதா இருந்தா, இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்கும், இருக்கிற ரோட்டுக்கும், இருக்கிற தண்ணிக்கும் மட்டும் விலை கொடுங்க. வரப் போறது வந்தா அது போனஸ். போனஸை நம்பி யாரும் வீட்டு வாடகை கட்ட மாட்டோம் இல்லையா?